பாக்கி – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

இங்கிலாந்தில் கென்ட் பக்கம் வீடு வாங்கி வந்து இரண்டு வருடம். மகனுக்குப் பதினொரு வயது. போன கிழமை பள்ளி பஸ்ஸில் ஒரு வெள்ளைப் பெடியன் அவனைப் 'பாக்கி' என்று கூப்பிட்டிருக்கிறான். 'நாங்கள் பாகிஸ்தான்காரர் இல்லை, தமிழர் என்று நிமிர்ந்து சொல்லு' என்றேன். மனைவி அது பிழை என்கிறா. பள்ளியில் முறையிட்டால் பகிடிக்குச் சொன்னது என்று முடித்துவிடுவார்களோ என்றும் இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

நானும் அந்தப் பதிலைச் சொல்லிப் பார்த்தவன். 1994இல் படிக்க வந்த புதிதில், கிழக்கு லண்டனில் ஒரு பெட்ரோல் பங்கில் இரவு வேலை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அடியில் காசு தள்ள ஒரு தட்டு. ஒருவன் இருபது பவுண்டு நோட்டு தந்தான், மீதியைத் தள்ளினேன், எடுத்துக்கொண்டு 'பாக்கி' என்றான். மதுரைக்காரன் காதில் அது எப்படி விழும்? இன்னும் சில்லறை தரவேண்டும் போல என்று ரசீதைப் பார்த்து மறுபடி கணக்குப் போட்டு, சரியாத்தான் சார் இருக்கு என்று இங்கிலீஷில் வேறு விளக்கினேன். கூட வந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அடுத்த முறை வேறொருவன் சொன்னபோது, அதற்குள் விவரம் தெரிந்துவிட்டதே, 'நான் இந்தியா' என்றேன். 'எல்லாம் ஒண்ணுதான்' என்றான். அந்தச் சொல்லைப் பொறுத்தவரை அவன் சொன்னது உண்மை.

உருதுவில் 'பாக்' என்றால் தூய்மை, பாகிஸ்தான் என்ற பெயரில் இருப்பது அதுதான். அந்தப் பெயரைச் சுருக்கித்தான் இங்கே தெற்காசியர் எல்லோருக்குமான வசையாக்கினார்கள். அறுபதுகளின் கடைசியில் மொட்டைத்தலைக் கும்பல்கள் பழுப்புத் தோல்காரர்களைத் தேடிப்பிடித்து அடித்து, அதற்குப் 'பாக்கி பாஷிங்' என்று பெயரும் வைத்தபோது யாரும் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கவில்லை. 1978 மே 4 அன்று கிழக்கு லண்டன் ஒயிட்சேப்பலில் வேலை முடிந்து வீடு திரும்பும்போது குத்திக் கொல்லப்பட்ட அல்தாப் அலி வங்கதேசத்துக்காரர், ஆடைத் தொழிலாளி. அவர் நாடு பாகிஸ்தானோடு போராடிப் பிரிந்தே ஏழு வருடம் ஆகியிருந்தது. பத்து நாள் கழித்து ஆயிரக்கணக்கானோர் அவர் சவப்பெட்டியின் பின்னால் பிரதமர் வீடு இருக்கும் டவுனிங் தெரு வரை நடந்தார்கள். ஒயிட்சேப்பலில் உள்ள பூங்காவுக்கு இப்போது அவர் பெயர்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிப்போங்கள்.

'நாங்கள் அவர்கள் இல்லை' என்று நாம் சொன்னால், அந்த வசை அதே பஸ்ஸில் வரும் பாகிஸ்தான் பையனுக்குப் பொருந்தும் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிறது. தமிழன் என்பதை, யாராவது மரியாதையாக ஊர் கேட்கும்போது சொல்லிக்கொள்ளட்டும்.

பகிடி என்பது பழைய சாக்கு. யார்க்‌ஷயர் கிரிக்கெட் கிளப்பில் ஆடிய, பாகிஸ்தானில் பிறந்த அசீம் ரஃபீக்கை இதே சொல்லால் அழைத்ததை நட்பான கேலி என்று விசாரணைக் குழு எழுதிவைத்தது வெளியே வந்து, 2021 நவம்பரில் நாடே கொதித்தது. நாடாளுமன்றக் குழு முன் அவர் அழுதுகொண்டே சாட்சி சொன்னார். அதே வாரத்தில், 2011இல் அவரே யூதர்களை இழிவாக எழுதிய செய்திகள் வெளிவந்து மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. அவரைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை, எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. ஈழத்து நண்பர்கள் வீடுகளில் கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் 'காப்பிலி' என்ற சொல் சாதாரணமாக விழும், எங்கள் பக்கம் இன்னும் மோசமானதெல்லாம் உண்டு. ஒருநாள் காரில் போகும்போது நான் அப்படி ஒன்றைச் சொல்ல, பின் சீட்டிலிருந்து என் மகள், அப்போது பத்து வயது, 'அவங்களுக்குத் தமிழ் தெரியாதுன்னுதானேப்பா சொல்றீங்க?' என்று கேட்டாள். சிக்னல் பச்சையானதும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

சரி, பள்ளி விஷயம். நேரில் பேசுவதோடு விடாதீர்கள். தேதி, பஸ், அவன் சொன்ன சொல் அப்படியே, புள்ளி வைத்து மறைக்காமல், எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதி, இனவெறிச் சம்பவமாகப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். வேண்டுமானால் அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி போடுங்கள், பார்த்துத் தருகிறேன்.