வேலைநிறுத்தத்துக்கு அரிசி

அன்புள்ள ஐயா,
மலேசியா, சுங்கை சிப்புட்டில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். அப்பா, அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். கடைக்கு வரும் மியன்மார் பையன்கள், தங்கள் நாட்டில் ராணுவ ஆட்சியை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இருக்கும் ஆசிரியர்களுக்கென்று காசு சேர்க்கிறார்கள். 50 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். மகன் சத்தம் போடுகிறான். "ரொஹிங்யா விஷயத்தில் ராணுவத்துக்காகப் பேசிய ஆங் சான் சூச்சியின் ஆள்கள்தானே இவர்கள்?" என்கிறான். நான் செய்தது சரியா?

அன்புள்ள நண்பருக்கு,
மகன் சொல்வதில் பொய்யில்லை. அப்போது மியன்மார் அரசை நடத்திய சூச்சி, 2019 டிசம்பரில் ஹேக் நகருக்கே போய், ரொஹிங்யா முஸ்லிம்கள் மீதான இனப்படுகொலைக் குற்றச்சாட்டை அனைத்துலக நீதிமன்றத்தில் மறுத்துப் பேசினார். 2021 பிப்ரவரி 1 அன்று அதே ராணுவம்தான் அவரையும் பிடித்து உள்ளே வைத்தது.

ஆனால் நீங்கள் கொடுத்தது சூச்சிக்கு இல்லையே. ராணுவம் ஆட்சியைப் பிடித்த ஓரிரு நாளிலேயே வேலையை நிறுத்தத் தொடங்கியவர்கள் அரசு மருத்துவமனை டாக்டர்களும் நர்சுகளும். அப்புறம் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ரயில்காரர்கள். யாங்கூனில் வேலைக்குத் திரும்பாத ரயில்காரர்களின் குடியிருப்புக்குள் ராணுவம் புகுந்தது, குடும்பங்கள் சட்டிபானையோடு வெளியேறின. வேலை போனால் லயத்து வீடும் போகும் என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரிந்த கணக்குதான். 1941-இல் இங்கே கிள்ளான் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும் பிரிட்டிஷ் அரசின் ராணுவம் வந்து சுட்டது. (துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் அன்றைய கோரிக்கைகளில் ஒன்று.)

ரொஹிங்யாக்களின் குடியுரிமையைப் பறித்த 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றுவோம் என்று எதிர்த்தரப்பின் தேசிய ஒற்றுமை அரசு 2021 ஜூனில் அறிவித்தது. அதை நான் முழுசாக நம்பிவிடவில்லை. குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு கிழடாகிப்போன நம் பாட்டிகளைப் பார்த்தவன் நான். ஆனாலும் ராணுவம் அந்த வாக்குறுதியைக்கூடக் கொடுக்கவில்லை.

துப்பாக்கிக்கு என்று கேட்டால் நான் கொடுக்க மாட்டேன், சோற்றுக்கு என்றால் கொடுப்பேன். நீங்கள் கொடுக்கும்போது படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். அந்தப் பையன்களின் வீட்டார் அங்கே இருக்கிறார்கள். இங்கேயும் பாதுகாப்பில்லை. அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் தடை போட்ட பிறகும் 1,086 பேரை மியன்மாருக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள்.

காசு யார் கைக்குப் போகிறது என்று சந்தேகமா? நீங்கள் மளிகைக்கடைக்காரர். பையன்களுக்கு அரிசி, பருப்பாகக் கொடுங்கள். சாப்பாட்டில் மிச்சமாகும் வெள்ளியை அவர்களே ஊருக்கு அனுப்பிக்கொள்வார்கள்.