மரியா ராமோஸ் கருவூலத்தில் இருந்த எட்டு வருடம்: கேள்வி பதில்

மாகாண அரசின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தென்னாப்பிரிக்க நிதித்துறையின், அதாவது கருவூலத்தின், தலைமை இயக்குநராக வந்த முதல் பெண், பொருளியலாளர் மரியா ராமோஸ். அவரைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் எழுதுகிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது அனுப்பியவரின் ஊர்.

வெருலம்: அவர் இந்த நாட்டுக்காரர்தானா?

பிறந்தது லிஸ்பனில், 1959 இல். வளர்ந்தது இங்கே, தென்னாப்பிரிக்காவின் வெரீனிகிங்கில். பள்ளி முடித்ததும் வங்கி வேலைக்குப் போனார். அந்த வங்கி மேல்படிப்புக்குக் கொடுத்த உதவித்தொகை ஆண்களுக்கு மட்டும்தான். அதை எதிர்த்துப் போராடி, விதியை மாற்ற வைத்து, அந்தப் பணத்தில்தான் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தார். அப்புறம் லண்டனில் பொருளியல் முதுகலை. 1995 இல் நிதித்துறைக்கு வந்தார், 1996 முதல் 2003 வரை தலைமை இயக்குநர்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், மாணவி: பட்ஜெட் போடுவது அமைச்சர்தானே? தலைமை இயக்குநருக்கு என்ன வேலை?

நல்ல கேள்வி, தங்கச்சி. பாராளுமன்றத்தில் வாசிப்பவர் அமைச்சர், அன்று ட்ரெவர் மானுவல். வாசிக்க ஒரு கணக்கு இருக்கும்படி செய்வது தலைமை இயக்குநரும் அவர் ஆட்களும்.

அன்றைய நிலைமை உனக்குத் தெரிந்திருக்காது. இனவாரியாகப் பிரித்து வைத்த நிர்வாகங்கள், பெயரளவுச் சுயாட்சிப் பகுதிகள் எல்லாவற்றையும் ஒட்டி ஒன்பது மாகாணமாக்கிய நேரம் அது. யாரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதே தெளிவாக இல்லை. எங்கள் நிதியாண்டு மார்ச் 31 இல் முடியும். நான் முதலில் இருந்த ஓர் அலுவலகத்தில் மார்ச் வந்தால் மிச்சப் பணத்தைத் தீர்க்க நாற்காலியும் மேசையுமாக வந்து இறங்கும். அடுத்த வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் கையில் இருப்பதைச் செலவழித்துவிடுவார்கள்.

1998 இல் மூன்று வருடத்துக்குச் சேர்த்துத் திட்டமிடும் முறை வந்தது. அடுத்து 1999 ஆம் ஆண்டின் முதல் சட்டம், பொது நிதி மேலாண்மைச் சட்டம். 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு துறைத் தலைவரும் கணக்குக்குத் தானே பொறுப்பு. வேண்டுமென்றோ பெரும் அலட்சியத்தாலோ கடமை தவறினால் ஐந்து வருடம் வரை சிறை என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தச் சட்டம் வந்த வருடம் எங்கள் பிரிவில் கையெழுத்துப் போடும் முன் எல்லோரும் தாளைப் படிக்க ஆரம்பித்தார்கள். ராமோஸ் செய்ததில் பெரியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஃபீனிக்ஸ்: 1998 இல் வீட்டுக்கடன் வட்டி 25.5 சதவீதம் போனதே, அதை ஏற்றியது இவர்தானே?

இல்லை. வட்டி ரிசர்வ் வங்கியின் வேலை, அப்போது ஆளுநர் கிறிஸ் ஸ்டால்ஸ். கருவூலம் வேறு, ரிசர்வ் வங்கி வேறு. இதைக் குழப்பாதீர்கள்.

டொங்காட்: மானுவலைக் கல்யாணம் செய்தாரே, அதைப் பற்றி?

2008 இல், ராமோஸ் கருவூலத்தை விட்டு ஐந்து வருடம் கழித்து. இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

சாட்ஸ்வொர்த்: என் அம்மா டர்பனில் துணி ஆலையில் தைத்தவர். அரசின் கியர் பொருளாதாரத் திட்டத்துக்குப் பிறகு ஆலையை மூடிவிட்டார்கள். நீங்கள் ராமோஸைப் புகழ்கிறீர்கள்.

உங்கள் அம்மாவின் கோபம் நியாயமானது. எங்கள் தெருவிலும் அப்படி வீட்டில் உட்கார்ந்த பெண்கள் பலர்.

ஆனால் துணி ஆலைகளைச் சாய்த்ததில் பெரும் பங்கு இறக்குமதி வரி குறைப்புக்கு. உலக வணிக அமைப்பு கேட்டதைவிட வேகமாகக் குறைத்தார்கள். அந்த முடிவு வணிகத் துறையுடையது. கியர் 1996 ஜூனில் வந்தது. அது அரசின் வரவு செலவுப் பற்றாக்குறையை நாட்டு வருமானத்தில் 3 சதவீதத்துக்குக் கொண்டுவருவது பற்றியது.

அதே கேள்விக்கு, மெரிபேங்க்: கியர் வருடம் 4 லட்சம் வேலை தருவதாகச் சொன்னதே, எங்கே?

வரவில்லை. 2000 க்குள் 6 சதவீத வளர்ச்சி என்றார்கள். 1998 இல் 1 சதவீதம்கூட இல்லை. அந்தக் கணிப்பு தவறு, தொழிற்சங்கங்களைக் கேட்காமல் அறிவித்ததும் தவறு. இதில் ராமோஸுக்கும் பங்கு உண்டு, நான் மறைக்கவில்லை.

அதே கேள்விக்கு, லெனேசியா: அக்கா சொல்வது சரி. கடனைக் குறைத்தார்களே!

அண்ணா, அதுவும் பாதிதான். 1990களின் நடுவில் நாட்டு வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அளவு கடன், 2008 இல் 30 சதவீதத்துக்கும் கீழே. வட்டிக்குப் போகாத பணம் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். குழந்தை உதவித்தொகை 1998 இல் தொடங்கும்போது 7 வயதுக்குட்பட்டவர்களுக்கு மாதம் 100 ராண்ட்தான். வயது வரம்பை ஏற்றிக்கொண்டே போக முடிந்தது கடன் குறைந்ததால். ஆனால் வேலை இழந்த ஐம்பது வயது அம்மாவுக்கு அந்தத் தொகை கிடைக்காது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மெரிபேங்க்: அப்போ கியர் சரியா தவறா?

கடனை அடக்கியது சரி. வேலை இழந்தவர்களுக்கு ஒரு ஏற்பாடும் இல்லாமல் அடக்கியது தவறு. இதைப் பற்றி இன்னும் ஏழு கேள்வி வந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் இதுவே பதில்.

ஃபீனிக்ஸ்: வாட் வரியை 15 சதவீதம் ஆக்கியது இவரா?

அது 2018. அப்போது அவர் ஆப்சா வங்கியின் தலைமைச் செயலதிகாரி. திரும்பவும் சொல்கிறேன்: கருவூலம் வேறு, வரி வசூலிக்கும் சார்ஸ் வேறு, வங்கி வேறு.

வெருலம்: என் மகள் மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதப் போகிறாள். அவளும் கருவூலத்துக்குப் போக ஆசைப்படுகிறாள்.

கணக்கைக் கணிதமாகவே எடுக்கச் சொல்லுங்கள் அம்மா, கணித எழுத்தறிவுப் பாடம் வேண்டாம். பொருளியல் பட்டத்துக்கு அது இல்லாமல் இடம் கிடைப்பது கஷ்டம். அப்புறம், பிப்ரவரியில் பட்ஜெட் வந்ததும் கருவூலம் துறைவாரியான செலவுப் புத்தகத்தை இணையத்தில் இலவசமாகப் போடும். அதில் கல்வித் துறைப் பக்கங்களை மட்டும் அவள் எடுத்துப் படிக்கட்டும். புரியாத வரிகளைக் குறித்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.