வேலூர் வெயிலில் இரைச்சல் இல்லாத கம்ப்யூட்டர்: எந்த கேபினெட், எத்தனை ஃபேன்?

கேபினெட்டின் (கம்ப்யூட்டர் பாகங்களை வைக்கும் பெட்டியின்) காற்றோட்டம் என்றால், குளிர்ந்த காற்று முன்பக்கம் நுழைந்து, சூட்டை வாங்கிக்கொண்டு பின்பக்கமும் மேலேயும் வெளியேறுவது. தெருக்கதவையும் பின்கதவையும் சேர்த்துத் திறந்தால்தானே வீட்டுக்குள் காற்று ஓடும்? இதுவும் அப்படித்தான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட் பார்க்க அழகு, ஆனால் தெருக்கதவைச் சாத்தியது மாதிரி. சல்லடை போட்ட முன்பக்கம் உள்ளதையே வாங்குங்கள்.

இரைச்சலுக்கு முக்கியக் காரணம் ஃபேனின் வேகம். வேகம் பாதியானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். 140 மி.மீ. ஃபேன், 120 மி.மீ. ஃபேன் தள்ளும் அதே காற்றை இன்னும் மெதுவாகச் சுற்றியே தள்ளிவிடும். அதனால் இடம் இருந்தால் பெரியதே நல்லது. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று போதும். இணைப்பு முனையில் நான்கு பின் (pin) உள்ள பிடபிள்யூஎம் (PWM, வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை) ஃபேன் என்றால் சூட்டுக்கு ஏற்ப வேகத்தை மதர்போர்டே மாற்றிக்கொள்ளும். மாட்டும்போது கவனம்: ஃபேனின் நடு மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் தெரியும் பக்கமாகத்தான் காற்று வெளியே வரும்.

நம் ஊரில் மே மாதம் 40 டிகிரி தாண்டும். எந்த ஃபேனும் அறைச் சூட்டுக்குக் கீழே குளிர்விக்காது, அப்போது கொஞ்சம் இரையத்தான் செய்யும். அப்புறம், தூசி. வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். அடைத்துக்கொண்டால் ஃபேன் வீணாக வேகமெடுக்கும்.

ஃபேன் கூடினால் சத்தமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள்; ஒரே வேகத்தில் இரண்டாவது ஃபேன் சேர்த்தால் கூடுவது சுமார் 3 டெசிபல்தான், வேகத்தைக் குறைத்து ஓட்டினால் மூன்று ஃபேன்கூட வேகமாகச் சுற்றும் ஒற்றை ஃபேனைவிட அமைதியாக இருக்கும்.