ஸ்டாக் பிரிந்ததும் லூப்: எஸ்டிபி-யை அணைக்காதீர்கள்

மேலே இரண்டு சுவிட்ச்சை ஸ்டாக் கேபிளால் இணைத்து ஒரே சுவிட்ச் போல (ஸ்டாக்) ஓட்டினீர்கள்; ஒவ்வொரு மாடி சுவிட்ச்சிலிருந்தும் அந்த இரண்டுக்கும் கேபிள் போட்டீர்கள். பல கேபிளை ஒரே இணைப்பாகக் கட்டும் எல்ஏசிபி இருக்கிறதே என்று, வளையத்தை (லூப்) தடுக்கும் எஸ்டிபி-யை அணைத்தீர்கள். ஸ்டாக் கேபிள் போனதும் இரண்டு மாடியும் படுத்துவிட்டன. சரிதானே?

ஸ்டாக் பிரிந்தால் இரண்டு சுவிட்ச்சுமே தன்னை மாஸ்டர் என்று நினைக்கும். ஒன்றின் எல்ஏசிபி சிஸ்டம் ஐடி (மாடி சுவிட்ச்சுக்கு அது காட்டும் அடையாளம்) மாறினால், ஒன்றாகக் கட்டிய இணைப்பு, அதாவது பண்டில், உடையும். சில மாடல்களில் அந்தப் போர்ட்கள் தனித்தனியாக ஓடத் தொடங்கும். உடனே மேல் சுவிட்ச் ஒன்று, முதல் மாடி, மேல் சுவிட்ச் இரண்டு, இரண்டாம் மாடி என்று வளையம் மூடிக்கொள்ளும். ஈதர்நெட் ஃபிரேமில் டிடிஎல் (சுற்றுவதற்கு வரம்பு வைக்கும் எண்) கிடையாதே, எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எல்லாவற்றிலும் ஆர்எஸ்டிபி (எஸ்டிபி-யின் வேகமான வடிவம்) போடுங்கள், ஸ்டாக்கே ரூட் (தலைமை சுவிட்ச்) ஆக அதற்குப் பிரியாரிட்டி 4096. ஸ்டாக் கேபிள் இரண்டு போட்டு ரிங் ஆக்குங்கள், ஒன்றை நம்பாதீர்கள். உங்கள் மாடலில் டூயல் ஆக்டிவ் டிடெக்‌ஷன் (இரண்டு மாஸ்டர் ஆனதைக் கண்டுபிடிக்கும் வசதி) இருந்தால் அதையும் இயக்குங்கள். பிரிந்தால் ஒரு பாதி தன் போர்ட்களை மூடிக்கொள்ளும். அப்புறம், கேபிளைப் பிடுங்கிச் சோதிப்பது ஆபீஸ் நேரத்தில் வேண்டாம்.