அமைச்சர்கள் சண்டை ஓயட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் துவாஸில் இயந்திரப் பாகத் தொழிற்சாலை ஒன்றில் 11 ஆண்டுகளாக டெக்னீஷியனாக இருக்கிறேன். தாய் நிறுவனம் ஐரோப்பாவில். கடனில் தத்தளிக்கும் அதற்கு அரசு கைகொடுப்பதா வேண்டாமா என்று அந்த நாட்டு அமைச்சர்களே இரண்டுபட்டு நிற்கிறார்களாம். பயந்துபோய் என் ஷிஃப்டில் இருவர் ராஜினாமா கொடுத்துவிட்டார்கள். நானும் கொடுத்துவிடட்டுமா?

பதில்: அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அதற்காக அமைச்சர்கள் வாயையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

2009இல் ஜெர்மனியில் ஓப்பல் கார் நிறுவனத்துக்கு இதே கதைதான். அதன் அமெரிக்கத் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் திவாலின் விளிம்பில் இருந்தது. ஓப்பலைக் கனடாவின் கார்ப் பாக நிறுவனமான மாக்னா தலைமையிலான குழுவுக்கு விற்பது, அதுவரை தாக்குப்பிடிக்க 150 கோடி யூரோ கடன் தருவது என்று மே மாதம் பெர்லினில் விடிய விடியப் பேசி முடிவெடுத்தார்கள். பொருளியல் அமைச்சர் குட்டன்பெர்க் மட்டும் ஒப்பவில்லை. முறைப்படி திவாலாவதே மேல் என்றார், பதவி விலகவும் தயார் என்றார். அவர் பேச்சு எடுபடவில்லை. ஆனால் நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் இயக்குநர் குழு, ‘ஓப்பலை விற்கப்போவதில்லை’ என்று சொல்லிவிட்டது. அத்தனை சண்டையும் வீண்! ஓப்பல் பிழைத்தது. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் இருந்த அதன் ஆலை பிழைக்கவில்லை, 2010 டிசம்பரில் மூடிவிட்டார்கள். பணம் போடும் அரசு தன் ஊர் வேலைகளைத்தான் முதலில் பார்க்கும் என்பது என் கணிப்பு. துவாஸ் அவர்களுக்கு வெகுதூரம்.

முதலில் உங்கள் சம்பளச் சீட்டை எடுங்கள். முதலாளி பெயர் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று முடிகிறதா? அப்படியென்றால் அது இங்கே பதிவான தனி நிறுவனம். தாய் விழுந்தாலும் இது தாக்குப்பிடிக்கலாம், தாய் பிழைத்தாலும் இதை மூடலாம்.

அதனால் செய்தியைவிடச் சம்பளத் தேதியைக் கவனியுங்கள். சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் அடிப்படைச் சம்பளம் வந்தாக வேண்டும். மசேநி (மத்திய சேம நிதி) சந்தாவுக்கு அடுத்த மாதம் 14ஆம் தேதி வரை அவகாசம் உண்டு. அந்தத் தேதி தாண்டியதும் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக மசேநி கணக்கைத் திறந்து, போன மாதச் சந்தா ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளம் சரியாக வருகிறதே என்று பலர் இதைப் பார்ப்பதே இல்லை. பணமுடை அங்கேதான் முதலில் தலைகாட்டும்.

ஒப்பந்தத்திலோ தொழிற்சங்க உடன்பாட்டிலோ இல்லாவிட்டால் ஆட்குறைப்பு அனுகூலம் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் 2 ஆண்டு சேவை முடித்தவருக்கு ஆண்டுக்கு 2 வாரம் முதல் 1 மாதச் சம்பளம் வரை தருவது இங்கே வழக்கம். உங்கள் 11 ஆண்டுக்கு அது குறைந்தது 22 வாரச் சம்பளம். நீங்களாக விலகினால் போச்சு. வேலையிழந்தவருக்கு 6 மாதங்களில் 6,000 வெள்ளி வரை தரும் அரசின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் ஆதரவும் தானாக விலகியவருக்கு இல்லை.

சம்பளமே நின்றால் பேச்சு வேறு. முதலாளியே ஒப்பந்தத்தை முறித்ததாகச் சட்டம் கருதும். வேலையில் இருந்துகொண்டே என்றால் சம்பளம் வரவேண்டிய நாளிலிருந்து 1 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். விலகிவிட்டால் கடைசி வேலைநாளிலிருந்து 6 மாதம்தான்.

வேலை தேடுவதை இன்றே தொடங்குங்கள். புது வேலைக்கான கடிதம் கைக்கு வந்தபின் அந்த 22 வாரத்தையும் கணக்கில் வைத்து முடிவெடுக்கலாம். உங்கள் ஷிஃப்ட் நண்பர்கள் இருவருக்கும் நோட்டீஸ் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: முதலாளி சம்மதித்தால் ராஜினாமாவைத் திரும்பப் பெறலாம்.