ஆர்மாவின் 6ஆம் எண்: கீரன் மெக்கீனி குறித்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கெய்லிக் கால்பந்தே எனக்குப் புதிது. யார் இந்த மெக்கீனி?

பதில்: அயர்லாந்தின் சொந்த விளையாட்டு அது. பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையில் எடுத்தும் ஆடலாம். கோல் கம்பங்களின் குறுக்குக் கம்பிக்கு மேலே அடித்தால் 2024 வரை எப்போதும் 1 புள்ளி; 2025 முதல் தொலைவிலிருந்து அடித்தால் 2. கீழே வலைக்குள் போனால் கோல், 3 புள்ளி. கவுண்டிக்கு, அதாவது மாவட்டம் போன்ற பகுதிக்கு, ஆடுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது, சொந்த ஊருக்காக ஆடுகிறார்கள். மெக்கீனி ஆர்மா கவுண்டிக்கு 6ஆம் எண்ணில் ஆடி, பிறகு அதன் மேலாளரானவர். 1971இல் பிறந்தவர். ஊர் தெற்கு ஆர்மாவின் முல்லாபான்.

கேள்வி: 6ஆம் எண்ணுக்கு என்ன வேலை?

பதில்: தடுப்பு வரிசையின் நடு. எதிரணி எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று முன்கூட்டியே கண்டு, சக ஆட்டக்காரர்களைச் சத்தம் போட்டு நகர்த்துகிற இடம். பயிற்சியாளர் ஆவதற்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: 2002 இறுதியை ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

பதில்: ஆர்மா அதுவரை அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றதே இல்லை. எதிரே கெர்ரி கவுண்டி. இடைவேளையில் 4 புள்ளி பின்தங்கல். அதற்கு முன்பே ஆர்மாவின் ஒஷின் மெக்கான்வில் ஒரு பெனால்டியைத் தவறவிட்டிருந்தார். உடைமாற்றும் அறையில் மேலாளர் ஜோ கெர்னன், 1977 இறுதியில் தோற்றபோது தனக்குக் கிடைத்த நினைவுப் பட்டயத்தைச் சுவரில் வீசியடித்தார். இரண்டாம் பாதியில் அதே மெக்கான்வில் கோல் போட்டார். 1-12க்கு 0-14 (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி; ஆக 15க்கு 14), ஒரே புள்ளியில் வெற்றி. கோப்பையை வாங்கிய அணித்தலைவர் மெக்கீனி, அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே.

கேள்வி: டப்ளினிலும் ஆடினாராமே?

பதில்: ஆமாம், நா ஃபியானா கழகத்துக்கு. 2000இல் அகில அயர்லாந்துக் கழக இறுதிவரை போனார்கள். அங்கே அவர்களை வென்றது ஆர்மாவின் கிராஸ்மக்லென். அவருடைய கவுண்டித் தோழர்கள் பலர் அந்த அணியில்.

கேள்வி: கில்டேர் கவுண்டியின் மேலாளராகத் தோற்றுப்போனவர்தானே?

பதில்: அப்படிச் சொல்வது நியாயமில்லை. 2007இல் ஆட்டத்தை விட்டதும் அங்கே மேலாளரானார். 2008இல் விக்லோ கவுண்டியிடம் தோல்வியோடு தொடக்கம். இரண்டே ஆண்டில் அகில அயர்லாந்து அரையிறுதி. டவுன் கவுண்டியிடம் 2 புள்ளியில் போயிற்று. 2013இல் கழகங்களின் வாக்கெடுப்பில் ஒரே ஓட்டில் வெளியேற்றினார்கள். அந்த முடிவு இன்றும் எனக்கு வலிக்கிறது.

கேள்வி: தடுப்பாட்டக்காரர் தடுக்க மட்டும்தானே கற்றுத்தருவார்?

பதில்: இல்லவே இல்லை. ஆர்மாவில் முன்களத்தில் ஆடிய ஈதன் ராஃபர்ட்டியைக் கோல்காவலராக்கியவர் அவர். கெர்ரியின் பெயர்பெற்ற முன்கள வீரர் கீரன் டொனஹியைத் தன் பயிற்சிக் குழுவில் சேர்த்தார். 2024 இறுதியின் ஒரே கோலைப் போட்டவரோ ஆரன் மெக்கே, கடைசித் தடுப்பு வரிசைக்காரர்! தன் இடத்தை விட்டு அவ்வளவு தூரம் முன்னேறும் துணிச்சல் பயிற்சியில் வந்தது.

கேள்வி: ஆர்மாவில் அத்தனை ஆண்டுகள் கோப்பையில்லாமல் எப்படித் தாக்குப்பிடித்தார்?

பதில்: 2015 பருவத்தில் மேலாளராகப் பொறுப்பேற்றார். 2022 காலிறுதி, 2023 அல்ஸ்டர் (வட மாகாணம்) இறுதி, அதே ஆண்டுக் காலிறுதி, 2024 அல்ஸ்டர் இறுதி: நான்கும் பெனால்டியில் போயின. விலகச் சொன்னவர்கள் உண்டு. ஆட்டக்காரர்கள் அவரைவிட்டு நகரவில்லை. 2024 அரையிறுதியில் கூடுதல் நேரத்தில் கெர்ரியை வீழ்த்தி, ஜூலை 28 அன்று டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் கால்வே கவுண்டியை 1-11க்கு 0-13 என்று வென்றார்கள். மறுபடியும் ஒரே புள்ளி. ஆர்மாவின் இரண்டு கோப்பைகளிலும் அவர் இருக்கிறார்.

கேள்வி: எந்த ஆட்டத்தை முதலில் பார்க்கலாம்?

பதில்: 2002 இறுதியின் இரண்டாம் பாதி. பந்தைப் பார்க்காதீர்கள், 6ஆம் எண் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். பிறகு 2024 அரையிறுதியை முழுதாக.