பந்து பாக்ஸ் வரை போகிறது, கோல் விழவில்லையே?

மைதானம்: வாசகர் கேள்வி - பதில்

எங்கள் கல்லூரி அணி 4-4-2 முறையில் (நான்கு டிஃபெண்டர், நான்கு மிட்ஃபீல்டர், இரண்டு ஸ்ட்ரைக்கர்) ஆடுகிறது. ஓரங்களில் ஆடும் இரண்டு விங்கர்களும் நல்ல வேகம். ஓரத்திலிருந்து கோல் முன்னால் ஆட்டத்துக்கு இருபது கிராஸாவது போடுகிறார்கள். ஆனால் ஹெட்டரில் ஒரு கோல்கூட வரவில்லை. ஸ்ட்ரைக்கரை மாற்றிவிடலாமா சார்?
- வாசகர், அம்மாபேட்டை

ஸ்ட்ரைக்கர் இருக்கட்டும், கிராஸை மாற்றுங்கள். பக்கவாட்டு டச் லைனை ஒட்டி நின்று உயரமாகத் தூக்கிப் போடும் பந்து எதிரணிக்குத்தான் வசதி. அவர்களுடைய ஸ்டாப்பரும் (நடுவில் நிற்கும் டிஃபெண்டர்) கீப்பரும் பந்தைப் பார்த்துக்கொண்டே முன்னால் வந்து எடுக்கிறார்கள். அணியிலேயே உயரமான பையனைத்தான் எல்லாக் கல்லூரியும் ஸ்டாப்பராக நிறுத்துகிறது. அவனோடு தலைக்குத் தலை மோதி ஜெயிப்பது கஷ்டம்.

விங்கர் கோல் இருக்கும் எண்ட் லைன் வரை போய், பந்தைத் தரையோடு பின்னுக்குத் தள்ளட்டும். மைதானத்தில் 'மைனஸ்' என்று கத்துவார்களே, அதுதான். அந்த நேரத்தில் ஸ்டாப்பர்கள் தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் போகும் பந்தை அவர்களால் திரும்பி எடுக்க முடியாது. இன்னொரு லாபமும் உண்டு. பந்து உதைக்கப்படும் நொடியில் பந்துக்குப் பின்னால் இருப்பவருக்கு ஆஃப்சைடு (எதிரணியின் டிஃபெண்டர்களைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்கும் தவறு) கிடையாது. எண்ட் லைனிலிருந்து வரும் மைனஸுக்கு லைன்ஸ்மேன் கொடி தூக்க அநேகமாக வழியே இல்லை.

அடுத்தது, உள்ளே ஓடுகிறவர்கள். ஒருவர் பந்து வரும் பக்கத்து ஃபர்ஸ்ட் போஸ்ட் பக்கம், கோலிலிருந்து 5.5 மீட்டர் கோட்டுக்கு. இன்னொருவர் பெனால்டி புள்ளிக்கு, அதாவது 11 மீட்டருக்கு. மூன்றாமவர் செகண்ட் போஸ்டுக்குச் சற்று வெளியே. ஒரு மிட்ஃபீல்டர் 16.5 மீட்டர் கோட்டில், அதாவது பாக்ஸின் விளிம்பில் காத்திருந்து, தெறித்து வரும் பந்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் ஆள் முதலில் ஓடினால் ஒரு ஸ்டாப்பரையும் கூடவே இழுத்துக்கொண்டு போவார். அங்கே திறக்கும் இடம் இரண்டாம் ஆளுக்கு.

கெடுவது எங்கே என்றால், அந்த இரண்டாம் ஆள் பொறுக்க மாட்டார். பந்து வருவதற்குள் கோல் வாய்க்கே போய்விடுவார், பந்து அவர் முதுகுக்குப் பின்னால் உருண்டு போகும். விங்கர் பந்தைக் கடைசியாக ஒருமுறை தன் முன்னால் தட்டிவிடுவார் இல்லையா, அதைப் பார்த்த பிறகுதான் அவர் கிளம்ப வேண்டும். அதுவரை நடைதான்.

விங்கரின் ஊன்றுகாலையும் கவனியுங்கள். அந்தக் கால் பந்துக்குப் பக்கத்தில் பதிந்து, கட்டைவிரல் பெனால்டி புள்ளியைப் பார்த்தால் பந்து அங்கே போகும். எண்ட் லைனைப் பார்த்தபடி பதிந்தால் பந்து வெளியே போகும், இல்லையென்றால் நேராகக் கீப்பர் கைக்கு. நம் பக்கத்துச் சரளை மண்ணில் முழு வேகத்தோடு கால் ஊன்றினால் பூட்ஸின் அடியில் இருக்கும் ஸ்டட் வழுக்கும். அதனால் கடைசி இரண்டு அடியைச் சின்னதாக்கச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு இருபது நிமிடம் போதும். வலப்பக்கம் பத்துப் பந்து, இடப்பக்கம் பத்துப் பந்து, பிறகு அதையே இன்னொரு சுற்று. முதல் வாரம் கீப்பர் மட்டும் நிற்கட்டும். அடுத்த வாரம் மூன்று டிஃபெண்டர்களைச் சேருங்கள். ஒரே தொடுதலில் விழுந்த கோலை மட்டும் எண்ணி எழுதி வையுங்கள்.

பந்தின் காற்றையும் பாருங்கள். விதிப்படி 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. (கேஜ் காட்டும் காற்றழுத்த அளவு) வரை இருக்கலாம். கட்டாந்தரையில் 9 போதும். அதற்கு மேல் இறுக்கினால் மைனஸ் பந்து துள்ளித் துள்ளித்தான் வரும். காலையில் 9 அடித்த பந்து 15 டிகிரி சூடேறினால் 10ஐத் தாண்டிவிடும். சேலத்து வெயிலில் அது சாதாரணம் என்பதால், ஆட்டத்துக்கு முன் மறுபடியும் கேஜ் வைத்துப் பாருங்கள்.

நாக் அவுட் போட்டியில் 19 அணிகள். எங்களுக்கு முதல் சுற்றிலேயே ஆட்டம், எங்கள் பரம எதிரிக்கு 'பை', அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. ஃபிக்ஸ்சரில் (யார் யாரோடு எப்போது என்ற ஆட்ட அட்டவணை) ஏதாவது வேலை நடந்திருக்குமா?
- வாசகர், ஓமலூர்

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 19க்கு மேலே வரும் இரண்டின் அடுக்கு 32. வித்தியாசம் 13, அத்தனை பை. மிச்சம் ஆறு அணிகளுக்கு மூன்று ஆட்டம். ஜெயித்த மூன்றும் பை வாங்கிய பதிமூன்றும் சேர்ந்து 16. பெரும்பாலான அணிகளுக்குப் பை கிடைக்கும் போட்டி இது, உங்கள் எதிரிக்கு மட்டும் தனிச் சலுகை இல்லை.

எந்த வரிசையில் பை தருவது என்பதற்கும் முறை உண்டு. ஃபிக்ஸ்சர் தாளின் மேல் பாதியில் 10 அணி, கீழ்ப் பாதியில் 9. முதல் பை கீழ்ப் பாதியின் கடைசி அணிக்கு, இரண்டாவது மேல் பாதியின் முதல் அணிக்கு, மூன்றாவது கீழ்ப் பாதியின் முதல் அணிக்கு, நான்காவது மேல் பாதியின் கடைசி அணிக்கு. இப்படியே உள்நோக்கி வரும். சீடு பெற்ற, அதாவது பலமானவை என்று முன்பே தரம் பிரித்த அணிகளை இந்த முனைகளில்தான் வைப்பார்கள். மற்றவர்களுக்கு லாட், அதாவது சீட்டுக் குலுக்கல். முனையில் இருப்பவர் சீடும் இல்லை, லாட்டிலும் வரவில்லை என்றால்தான் உங்கள் பி.டி. சார் எழுந்து கேட்க வேண்டும்.

உண்மையான வித்தியாசம் கால்களில்தான் தெரியும். கோப்பைக்கு அவர்கள் நான்கு ஆட்டம் ஆடினால் போதும், நீங்கள் ஐந்து ஆட வேண்டும். அதனால் எதிரணியின் ஃபிக்ஸ்சரில் பெயர்களைவிட நேரத்தைப் படியுங்கள். முந்தின நாள் மாலை எக்ஸ்ட்ரா டைம், பெனால்டி வரை போன அணி மறுநாள் காலை உங்களோடு ஆடினால், அறுபதாவது நிமிடத்துக்கு மேல் அவர்களுடைய விங் பேக்குகள் (ஓரத்து டிஃபெண்டர்கள்) ஏறிப் போய்விட்டுத் திரும்பத் தாமதமாகும். வேகமான விங்கர் ஒருவரை அதுவரை பெஞ்சில் வைத்திருங்கள். பை வாங்கிய அணியோடு என்றால் நேர்மாறு. அந்தத் தரை அவர்கள் காலுக்குப் பழகியிருக்காது. முதல் பதினைந்து நிமிடம் மேலே ஏறி அழுத்துங்கள்.

உங்கள் பையன்கள் ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து எடுக்க வேண்டும். 60 கிலோ பையனுக்கு 60 கிராம். அதற்கு நம் ஊர் ஜவ்வரிசியே போதும். 70 கிராமை ஊறவைத்து, கண்ணாடி போல் ஆகும்வரை வேகவைத்து, வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கஞ்சியாகக் கொடுங்கள். தட்டுவடை செட் அப்போது வேண்டாம், எண்ணெய் வயிற்றில் நெடுநேரம் நிற்கும்.

த்ரோவில் ஆஃப்சைடு உண்டா?
- வாசகர், மேட்டூர்

இல்லை. கோல் கிக்கிலும் கார்னரிலும்கூட இல்லை. ஆனால் த்ரோவை வாங்கியவர் அடுத்தவருக்குத் தட்டும்போது விதி திரும்ப வந்துவிடும்.

நான்கு அணி லீக். கடைசி நாளில் எங்கள் ஆட்டம் 2 மணிக்கு, எதிரணியின் ஆட்டம் 4 மணிக்கு. எங்கள் ஸ்கோரைத் தெரிந்துகொண்டு அவர்கள் ஆடுவது நியாயமா?
- வாசகர், ஆத்தூர்

நியாயமில்லை. உலகக் கோப்பையே இதில் அடிபட்டுத்தான் திருந்தியது. 1982இல் ஸ்பெயினின் கிகோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. அதே பிரிவில் இருந்த அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முந்தின நாளே முடித்திருந்தது. ஜெர்மனி 1-0 என்று ஜெயித்தால் இரண்டு அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்பது களத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆரம்பத்திலேயே அந்த ஒரு கோல் விழுந்தது, அதன்பிறகு இரு அணிகளும் பந்தைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தன. அல்ஜீரியா வெளியே போனது. 1986 முதல் உலகக் கோப்பையில் ஒவ்வொரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

இரண்டு மைதானம் இருந்தால் உங்கள் போட்டியிலும் அப்படி வைக்கலாம். மேனேஜர்ஸ் மீட்டிங்கில் முதல் நாளே கேட்க வேண்டும், கடைசி நாளில் கேட்டால் யாரும் மாற்றித் தரமாட்டார்கள். அதோடு, புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசமா, நேருக்கு நேர் முடிவா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கோல் வித்தியாசம் என்றால் 2-0 ஆன பிறகும் தாக்க வேண்டும். நேருக்கு நேர் என்றால் மூன்றாவது கோலுக்காகப் பின்வரிசையைத் திறந்துவிடாதீர்கள்.

அமெரிக்காவில் படிக்கும் மகள் 'காலேஜ் ஃபுட்பால்' என்று ஏதோ சொல்கிறாள். தோற்ற அணிகூட முன்னால் இருக்கிறதாம். எப்படி?
- வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

அது வேறு ஆட்டம். முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுபோனால் 6 புள்ளி. மேல்மட்டத்தில் நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சீசனில் சுமார் 12 ஆட்டம்தான் ஆடுகிறது. எல்லோரும் எல்லோரோடும் மோத முடியாது. அதனால் யாரை ஜெயித்தார்கள், யாரிடம் தோற்றார்கள் என்று ஒரு குழு எடை போடுகிறது. பலமான அணியிடம் தோற்றவர், பலவீனமானவர்களை மட்டும் ஜெயித்தவரைவிட முன்னால் நிற்கலாம். 2024 சீசனிலிருந்து இப்படி வரிசைப்படுத்தி 12 அணிகளுக்கு நாக் அவுட் நடத்துகிறார்கள்.

ஏற்காட்டில் நட்பு ஆட்டம் ஆடப் போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?
- வாசகர், கன்னங்குறிச்சி

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300க்கும் கீழே. மேலே காற்றழுத்தம் சுமார் எட்டில் ஒரு பங்கு குறைவு. தூக்கி அடிக்கும் பந்து நீங்கள் நினைத்ததைவிடத் தூரம் போய்க் கீப்பரிடம் சேரும், வளைத்து அடிப்பதும் குறைவாகவே வளையும். வார்ம் அப்பில் ஆளுக்குப் பத்து நீளப் பாஸ் அடித்துக் கால் அளவைத் திருத்துங்கள். மூச்சு சீக்கிரம் வாங்கும், அதனால் முதல் கால் மணி நேரத்தில் எல்லோரும் ஏறி அழுத்த வேண்டாம். சாப்பாட்டைக் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வயிறு புரண்டு வந்தவன் ஓட மாட்டான். மாலையில் பனிமூட்டம் இறங்கினால் பந்தைத் தரையிலேயே வைத்து ஆடுங்கள், உயரப் போகும் பந்து உங்கள் கீப்பர் கண்ணுக்குத் தெரியாது.

மலை அணி கீழே இறங்கி வரும்போது பிரச்சினை வெயில். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும், அத்தனை நாள் அவர்களுக்குக் கிடைக்காது. ஒவ்வொரு பாதியிலும் ஒரு கூலிங் பிரேக் வேண்டும் என்று நடுவரிடம் முன்பே கேட்கட்டும். ஒன்றரை முதல் மூன்று நிமிடம் வரை தர விதியில் இடம் உண்டு.